அதாவது அண்ணனும் காலிப் பெட்டியும்

அந்த மெத்தைக் கம்பெனியில் அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'அதாவது அண்ணன்'. நாமெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லையோ என்று தோன்றினால் 'அதாவது' என்று விளக்கப் போவோம். அவருக்கு அந்தச் சந்தேகம் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடும். "அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று தொடங்கி, ஊரைச் சுற்றி, சொல்ல வந்த விஷயத்தின் வாசலுக்கு அவர் வந்து சேரும்போது கேட்க நின்ற ஆள் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். ஒருமுறை மழை வருகிறது என்று சொல்லத்தான் உள்ளே ஓடிவந்தார். அவர் சொல்லி முடித்தபோது வெளியே லாரியில் இருந்த மெத்தைகள் ஊறிப்போயிருந்தன, மழையும் நின்றிருந்தது.

கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. அந்தக் காலத்தில் அவர் துணி உருளைகளை மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே மெத்தையின் ஓரங்களுக்கு நாடா வைத்துத் தைக்கும் மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் ஒவ்வொரு நாளும் 'அதாவது' என்று ஆரம்பிப்பார், வியர்ப்பார், உருளையை வைத்துவிட்டு இறங்கிவிடுவார். பாவம், அந்தப் பெண்ணும் எத்தனை நாள்தான் ஊசியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்? கடைசியில் அவளே, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுங்கள், அங்கேயாவது விஷயத்தை முடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடமும் அவர் முடிக்கவில்லை. மகளே உள்ளே இருந்து வந்து முடித்துக் கொடுத்தாள்.

அந்த மகள்தான் இப்போது மேல்மாடிக்கே அக்கா. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மெஷின் கோளாறு, கேண்டீன் டீயில் தண்ணீர், யாருடைய மாமியார் யாரை என்ன சொன்னாள், எல்லாப் பஞ்சாயத்தும் அவரிடம்தான் வரும். ஆள் கொஞ்சம் கனமான உடம்பு. வேலைக்குப் போடும் நீலக் கோட்டின் பொத்தான்கள் எந்நேரமும் ஒரு போராட்டத்தில் இருக்கும்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் போய்விட்டது. மெத்தை அப்படியொன்றும் பெரிய கனம் இல்லை. ஆனால் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடப்பவருக்குப் பாதை தெரியாது, கால் வைக்கும் இடம் தெரியாது. அப்படிப் பல வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி ஏற்றியதில் வலது முட்டி, போதும் சாமி என்று கும்பிடு போட்டுவிட்டது. அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போய், இவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று வேண்டும் என்றார். அப்படி வேலை எதுவும் இல்லை என்றார் மேனேஜர். அப்படியானால் கிடைக்கிறவரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

நல்ல வேளையாக அந்த வாரம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. எல்லாத் தொழிற்சாலைகளிலும் 'நியர் மிஸ்' திட்டம் தொடங்க வேண்டும். யாருக்கும் அடி படவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்கிற மாதிரி ஏதாவது நடந்தால் சிரித்துவிட்டுப் போகாமல் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் தண்டனை கிடையாது. இன்று தப்பித்ததைச் சொன்னால் நாளை இன்னொருவர் மாட்டாமல் இருப்பார் என்பது கணக்கு. மேனேஜருக்கு இரண்டு தலைவலிக்கும் ஒரே மாத்திரையாக அதாவது அண்ணன் தெரிந்தார். பேக்கிங் பகுதி மூலையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பச்சைப் பெட்டி போடப்பட்டன. மாதக் கடைசியில் தானே வந்து பெட்டியைத் திறப்பதாகவும், உருப்படியான விஷயம் ஒன்றாவது இல்லாவிட்டால் நாற்காலியை எடுத்துவிட்டு அண்ணனை மறுபடி லாரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் மேனேஜர் சொல்லிவைத்தார்.

அந்த நாற்காலி அண்ணனுக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அக்கா வெட்டுத் துண்டு ஃபோமில் அதற்கு ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதில் உட்கார்ந்து காலை நீட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

திட்டத்தைத் தொடங்கிவைக்க டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். அண்ணன் எழுந்தார். பாதுகாப்பு என்றால் என்ன என்று சொல்வதற்கு முன், மனிதன் என்றால் யார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. திட்டத்தின் பெயருக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. பெட்டியில் என்ன போட வேண்டும் என்று தெரியாமலே எல்லோரும் கலைந்தார்கள். முதல் வாரம் அதில் ஒரு பஸ் டிக்கெட்டும் இரண்டு மிட்டாய் காகிதமும் கிடந்தன.

தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அண்ணன் முடிவு செய்துகொண்டார். அதில் உண்மை இல்லை. அவரை எல்லோருக்கும் பிடிக்கும். நின்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை. அதோடு பெட்டி காலியாகக் கிடந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது அண்ணனையும் மேனேஜரையும் தவிர அந்தக் கட்டடத்தில் வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மேல்மாடித் தரையின் நடுவில், தடுப்புக் கதவு போட்ட ஒரு சதுரத் திறப்பு உண்டு. தைத்து முடித்த மெத்தையை அதன் வழியாகத்தான் கீழே தள்ளுவார்கள். கீழே ஒரு மெத்தைக் குவியல் எப்போதும் கிடக்கும். மனிதர்கள் இறங்கப் படிக்கட்டு இருக்கிறது. ஆனால் அது கட்டடத்துக்கு வெளியே, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வரும். டீ மணி அடித்து, படி வழியாக இறங்கி, சுற்றி வருவதற்குள் கீழே உள்ளவர்கள் சூடான டீயைக் குடித்து முடித்து ஆறிய மிச்சத்தை வைத்திருப்பார்கள். இந்த அநியாயத்தைப் பொறுக்காமல் ஒருநாள் மேல்மாடியில் ஒருவர் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்தத் திறப்பு வழியாகக் குவியல் மேல் குதித்தார். ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. சூடான டீ கிடைத்தது. மறுநாளிலிருந்து மேல்மாடி முழுக்க அதுதான் வழி. மெத்தைக்கு நடுவிலேயே வாழ்க்கை நடத்தும் அவர்களுக்கு, விழுவது என்பது அடி படும் சமாச்சாரம் என்பதே மறந்துபோயிருந்தது.

முதலில் குதித்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதாவது அண்ணனின் சம்சாரம்தான்.

அண்ணன் முற்றத்தில் லாரியோடு இருந்த காலத்தில் இது அவர் கண்ணில் படவில்லை. மூலை நாற்காலிக்கு வந்த பிறகு, நடுவில் பேக்கிங் அட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்ததால் அப்போதும் படவில்லை. 'தொப்' என்று சத்தம் கேட்கும். மெத்தை விழுகிறது என்று நினைத்துக்கொள்வார். அக்காவும் சொல்லவில்லை. சொன்னால் அன்று ராத்திரி 'அதாவது' என்று ஆரம்பிப்பார், இருவரும் ஓய்வு பெறும்வரை முடிக்கமாட்டார் என்று பயம். மற்றவர்கள் பெட்டிக்கு எழுதுவதென்றால் முதலில் எழுத வேண்டியது அதைத்தான். பெயர் போடாவிட்டாலும் அது யாரைப் பற்றியது என்று குழந்தைக்கும் தெரியும். அக்காவைப் பற்றி அக்காவின் புருஷனிடமே எழுதிக் கொடுக்க யாருக்கு நெஞ்சழுத்தம் உண்டு?

ஆக, அக்கா இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். நாற்காலி போகக் கூடாது, குதிப்பதும் போகக் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மேல்மாடிப் பெண்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, எதையாவது எழுதச் சொன்னார். பெட்டி நிரம்பத் தொடங்கியது. 'டீ சூடாக இருந்தது. நாக்கு சுட்டிருக்கும். ஊதிக் குடித்தேன்.' 'கத்தரிக்கோல் மேசை ஓரத்தில் இருந்தது. விழப் பார்த்தது. விழவில்லை.' 'மதியம் தூக்கம் வரப் பார்த்தது.' அண்ணன் ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் படித்து, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தார். வழியில் போன மேனேஜர் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பாதுகாப்புத் திட்டமா சிரிப்புத் துணுக்குப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு ஆள் வந்தான். லாரி ஏற்றும் லோடுமேன், அண்ணனோடு பல வருடம் மெத்தை தூக்கியவன். தலையைச் சொறிந்துகொண்டு மேசை முன்னால் நின்று, "அண்ணே, மேல இருந்து ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான். அண்ணனுக்குப் பூரித்துப்போனது. நிஜமாகவே ஒருவன் வந்துவிட்டான். இவன் பயப்படாமல் சொல்ல வேண்டுமே என்று, "அதாவது தம்பி, நீ சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். தண்டனை கிடையாது என்பதையும், அது ஏன் கிடையாது என்பதையும், முன்காலத்தில் ஏன் இருந்தது என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே லாரி ஹார்ன் அடித்தது. லோடுமேன் இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஓடினான். திரும்பி வரவில்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. டீ நேரத்தில் மேனேஜர் வருவார். மற்றவர்கள் எழுதாவிட்டால் போகட்டும், ஆபத்து எங்கே இருக்கிறது என்று நாமே பார்த்துவிடலாம் என்று அண்ணன் எழுந்து நடந்தார். அட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனதும் கண்ணில் பட்டது. நடுத்தூணில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது, அதை எடுக்க முடியாதபடி ஒரு மெத்தைக் குவியல் முன்னால் கிடக்கிறது. ஃபோம் நெருப்புப் பிடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் போய்விடும். இதைவிட உருப்படியான நியர் மிஸ் உண்டா? இத்தனை பேர் தினமும் நடக்கிற இடத்தில் ஒருவனும் இதைப் பார்க்கவில்லையே என்று அவருக்குக் கோபமும் வந்தது, நாற்காலி பிழைத்தது என்று உள்ளுக்குள் குளிரவும் செய்தது.

ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் 'அதாவது' வரும், நேரம் ஆகும் என்று அவருக்கே தெரிந்தது. தானே வேலையில் இறங்கினார். முட்டி கதறக் கதற ஒவ்வொரு மெத்தையாக இழுத்துப்போய்ச் சுவரோரம் சாத்தினார். கடைசி மெத்தையும் போனது. சிமெண்ட் தரை துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அதே நேரம் மேல்மாடியில் அக்கா ஜன்னல் வழியாக மேனேஜர் முற்றத்தில் வருவதைப் பார்த்துவிட்டார். கையில் ஒரு கத்தை அட்டை. இந்த முறை சிரிப்புத் துணுக்கு இல்லை. ஊசி முறிந்தது, வயர் தேய்ந்தது என்று உண்மையானவற்றையே எழுத வைத்திருந்தார். குதிக்கிற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது. மேனேஜர் வருவதற்குள் அவை பெட்டிக்குள் விழ வேண்டும். படி வழியாகப் போனால் மேனேஜர் மேலேயே மோத வேண்டும். அக்கா மணிக்குக் காத்திருக்கவில்லை. திறப்பின் தடுப்புக் கதவைத் தூக்கினார், கோட்டைச் சுருட்டினார், வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

கீழே நின்ற அண்ணன், தலைக்கு மேல் கதவு கிறீச்சிடுவதைக் கேட்டு அண்ணாந்து பார்த்தார். திறப்பின் விளிம்பில் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது. இடது செருப்பின் வார் போன வாரம்தான் அறுந்தது. தைத்துக்கொண்டு வந்தது அவர்தான்.

அந்தக் குவியல் அங்கே எதற்குக் கிடந்தது, தினமும் கேட்ட 'தொப்' எது, தான் இப்போது என்ன செய்துவைத்திருக்கிறோம், எல்லாம் அவருக்கு ஒரே நொடியில் புரிந்தது. உயிரே போனது. குதிக்காதே என்று கத்த வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாய் எத்தனை வருடப் பழக்கம்!

"அதாவது" என்று வந்தது. "அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

மேலே கால் நின்றது. அக்காவுக்கு அது வெறும் சொல் இல்லை, வாழ்க்கை. அந்த மனிதர் ஆரம்பித்தபின் நடுவில் விட்டுவிட்டுப் போனால் வீட்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்பது அவருக்கு எலும்பில் ஊறிய பாடம். அலுத்துக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தொங்கப் போட்டார்.

"இங்க என்ன பண்றீங்க? சரி, சட்டுன்னு சொல்லுங்க. மேனேஜர் வர்றாரு."

"அதாவதும்மா... மெத்தை... அதாவது நான்தான்..."

விஷயம் வரவில்லை. கடைசிவரை வரவில்லை. இவர் ஏன் இப்படித் திணறுகிறார் என்று அக்கா கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். தன் முழங்கால்களுக்கு நடுவே, எங்கேயோ கீழே, வெறும் சிமெண்ட் தரை தெரிந்தது. அதன் நடுவில், பாதி மெத்தையைக்கூட ஒழுங்காகத் தூக்க முடியாத அவருடைய புருஷன் இரண்டு கைகளையும் விரித்து, அவரை ஏந்திப் பிடிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா ஒரு காலை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டார். பிறகு இன்னொன்றை. கையில் இருந்த அட்டைக் கத்தை நழுவி, சட்டென்று கீழே போய்த் தரையில் சிதறியது. வெறும் தரையில் அட்டை விழுந்த சத்தமே அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

மேனேஜர் உள்ளே வந்தார். டீ மணி அடித்தது. அந்தக் கம்பெனியில் பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக மேல்மாடி முழுக்கப் படிக்கட்டு வழியாக இறங்கியது. முன்னால் அக்கா, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்டார். அக்காதான் வாயைத் திறந்தார்.

"நாங்க எல்லாரும் இந்த ஓட்டை வழியாத்தான் குதிக்கிறோம் சார். ஆரம்பிச்சு வெச்சது நான். இன்னைக்குக் கீழ மெத்தை இல்ல."

மெத்தையை எடுத்தது தான்தான் என்று அண்ணன் கையைத் தூக்கினார். எடுத்ததில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அது எதற்குக் கிடந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அப்போது லோடுமேன் பின்னாலிருந்து, சொல்ல வந்தவன் நான், சொல்ல விடாதவர் அண்ணன் என்று முணுமுணுத்தான். மேனேஜருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அதற்குள் யாரோ வெட்டும் பிளேடின் மூடி கழன்று கிடப்பதைச் சொன்னார்கள். இன்னொருத்தி மெஷினில் விரல் மாட்டப் பார்த்ததைச் சொன்னாள். டீ ஆறியது. யாரும் டீயைத் தேடவில்லை. பச்சைப் பெட்டியை அன்று திறக்கவே தேவைப்படவில்லை.

நாற்காலி அண்ணனுக்கே நிலைத்தது. மேனேஜர் எதிரில் இன்னொரு நாற்காலியும் போடச் சொன்னார். அதில் வந்து உட்காருபவர் முதலில் பேசுவது, மேசைக்குப் பின்னால் இருப்பவர் அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பது என்று நிபந்தனை போட்டார். திறப்பில் மெத்தை இறங்க ஒரு சறுக்குப் பலகையும், தடுப்புக் கதவுக்கு ஒரு பூட்டும் போடுவதாக முடிவானது. டீ நேரம் மேல்மாடிக்குக் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கும் என்றும் சொன்னார். இதை யோசிக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள். சறுக்குப் பலகை எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒருத்தி கேட்டாள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் அடங்கிப்போனாள்.

சாயங்காலம் இருவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சோப்பு வாங்க வேண்டும் என்றார் அக்கா. பதில் இல்லை. குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்றார். அதற்கும் பதில் இல்லை. கையைத் தூக்கி மேனேஜரிடம் ஒப்புக்கொண்டதோடு சரி, அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் கிடந்த அவருடைய கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. அக்காவுக்குப் பகலில் அந்த விளிம்பில் வராத பயம் இப்போது வந்தது.

"என்னங்க. ஏதாவது பேசுங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'அதாவது'வையாவது சொல்லுங்களேன். நான் கேக்கறேன்."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது.

"அதாவது" என்றார்.

"சொல்லுங்க."

"அதாவதும்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

அக்கா அவருடைய வலது முட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பஸ் வந்தது, நின்றது, போனது. அதற்கடுத்த பஸ்ஸும் வந்து போனது. அவர் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை.